வீட்டுடையும் வெளியுடையும்: கொழும்புத் தமிழரின் உடைவரலாறு பற்றிய சில சிந்தனைகள்

வரலாறு கற்போர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆராயும் அளவுக்குக் கொடியிற் காயும் துணியை ஆராய்வதில்லை. துணி விரைவில் நைந்துபோவது. ஆவணக் காப்பகத்தில் அதற்கு இடமில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எவர் முன்னிலையில் இறுக்கமாகவும் எவர் முன்னிலையில் தளர்வாகவும் இருந்தது என்பதை அறிய உடையைவிடச் சிறந்த சான்று அரிது. கொழும்பிலே தமிழர் செறிந்து வாழ்ந்த, இன்றும் வாழ்கின்ற இரு பகுதிகளான கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் முன்வைத்து இப்பொருளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எனது பெரியப்பா ஒருவர் அரசாங்க எழுதுவினைஞராயிருந்தவர். மாலை ஐந்தரை மணியளவில் வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் இறங்கிக் கடற்கரைப் பக்கமிருந்து வீட்டுக்கு நடந்து வருவார். வந்ததும் சப்பாத்தையும் மேசையும் கழற்றி, களிசானைக் கோடு கலையாமல் மடித்துத் தொங்கவிட்டு, சாரம் ஒன்றை உடுத்து, வெறும் மேலுடன் சாய்மனைக் கதிரையில் அமர்ந்த பின்னரே அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரும். அதற்குப் பின் தேசிக்காய் வாங்கி வரும்படி பெரியம்மா கேட்டால் மறுபடியும் களிசான் ஏறும். காலி வீதிக்குச் சாரத்துடன் போவது அவருக்கு நினைத்துப்பார்க்க முடியாத காரியம். பெரியம்மாவின் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. அவர் வீட்டில் அணிந்தது முன்புறம் பொத்தான் வைத்துத் தைத்த ஹவுஸ்கோட்டு. படலையைத் தாண்டிக் கோயிலுக்கோ கலியாணத்துக்கோ போவதெனில் சேலை, பூ, பொட்டு. ஆணுக்கு வீட்டில் கீழைத்தேய உடை, வெளியில் ஐரோப்பிய உடை. பெண்ணுக்கு வீட்டில் ஐரோப்பிய வழிவந்த உடை, வெளியில் தமிழுடை. ஒரே வீட்டின் படலையில் இரு உடைகள் எதிரெதிராக மாறிக்கொண்டன. இவ்விந்தை எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் சென்றன.

மேலே வந்த சொற்களையே சற்று நோக்குக. சப்பாத்து, மேசு, களிசான், பொத்தான், லேஞ்சி ஆகிய அனைத்தும் போர்த்துக்கேயச் சொற்கள். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இலங்கைக் கரையோரத்தை ஆண்டவர் விட்டுச்சென்ற சொற்களை நாம் ஆங்கிலேயர் காலத்து உடைக்குப் பெயராக வைத்திருக்கிறோம். சாரம் மலாய் மொழி வழியாக வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் அயற்றீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மலாயரோடு இவ்வுடைக்குள்ள தொடர்பு வெளிப்படை. சாரத்துள்ளும் மதிப்பு வாய்ந்ததாகக் கருதப்பட்ட ‘பளைக்காட்டுச் சாரம்’ பழவேற்காட்டின் பெயரைத் தாங்கியது. ஒல்லாந்தர் அங்கே கோட்டை கட்டிச் சோழமண்டலக்கரைத் துணி வாணிபத்தை நடத்தினர். அத்துணிகளுக்குச் சிவப்பேற்றிய சாயவேரை மன்னாரிலும் வடபகுதியிலும் அகழ்ந்தெடுப்பித்தவர்களும் அவர்களே. நாம் ‘எங்கள் சொந்த வீட்டுடை’ என்று கருதுவது முந்நூறு ஆண்டுக் கடல் வாணிபத்தின் விளைவு என்பதை இங்கே மனங்கொள்ளுதல் நன்று. தூய உடை என ஒன்றைத் தேடிப் புறப்படுபவர் வெறுங்கையுடனேயே திரும்புவர்.

கொட்டாஞ்சேனை வெள்ளவத்தையினும் முந்தியது. துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் அணைந்த அப்பகுதியில் உடை என்பது ஒருவன் எக்குழுவினன் என்பதை அறிவிக்கும் பலகையாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டுப் படங்களிலே கொழும்புச் செட்டிகள் வெண்சோமனும் நீண்ட மேலங்கியும் தலைப்பாகையும் காதிலே பெரிய பொற்கடுக்கனுமாகக் காட்சி தருகின்றனர். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் ‘தமிழ் புளூராக்’ என எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டி (1807–1860) இச்சமூகத்தவரே. கிறித்தவராகி, ஆங்கிலங் கற்று, அரச பதவிகளும் வகித்த ஒரு சமூகம் தன் தலைப்பாகையையும் கடுக்கனையும் நெடுங்காலம் கைவிடவில்லை. பின்னர் ஒரு தலைமுறைக் காலத்துள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. அக்காலத்துச் சிங்கள முதலியார்களோ களிசானை அணிந்து அதன்மேற் சோமனைச் சுற்றிக்கொண்டனர். இன்று அது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆனால் இரு ஆட்சிகளுக்கிடையில் நின்ற ஒருவன் இரு ஆட்சிகளையும் ஒருங்கே உடுத்தியிருந்தான் என்று கொள்வதே பொருத்தமாகும்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் நிலை இன்னும் சுவையானது. செட்டியார் தெருக் கிட்டங்கிகளில் வெறும் மார்பும் நெற்றியில் நீறும் இடையில் வேட்டியுமாகப் பாயிலமர்ந்து கணக்கெழுதிய அவர்கள், ஐரோப்பிய வங்கிகளிடம் பணம் பெற்றுத் தோட்டக்காரர்க்கும் வணிகர்க்கும் வழக்கறிஞர்க்கும் கடன் கொடுத்தனர். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த கனவான் சட்டையில்லாத ஒருவர் முன் நின்று கடன் கேட்ட இடம் அது. 1925இல் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் முறிந்ததன் பின்னரே வங்கிகள் அவர்களை ஐயுறத் தொடங்கின. அதுவரை அவர்கள் மேலாடையின்மை அவர்களுடைய நாணயத்துக்குக் குறைவாக எவராலும் எண்ணப்படவில்லை. ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்னும் பழமொழி பணம் உள்ள இடத்திற் செல்லாது போலும்.

செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் இரதம் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் வந்து சேரும். நகரின் வடபாற் பழந்தமிழரையும் தென்பாற் புதுத்தமிழரையும் ஆண்டுக்கொருமுறை இணைத்த நிகழ்ச்சி இதுவே. அதைக் காண வந்த கூட்டத்தில் உடைகளும் அவ்வாறே ஒன்றையொன்று சந்தித்தன. கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளி கட்டம் போட்ட சாரமும் வாரும் சேட்டுமாக வருவான். அதுவே அவனுக்கு வெளியுடையும் திருநாளுடையும். வெள்ளவத்தை எழுதுவினைஞர் அன்றொரு நாள் களிசானை விட்டு வேட்டி உடுத்து வருவார். அவருக்கு அது கோயிலுடை. ஒருவனுக்கு ஒரே உடை, மற்றவருக்கு மூன்று. இவ்வேறுபாட்டை ரசனை வேறுபாடென்று மட்டும் கொள்ளலாகாது. எத்தனை பேர் முன்னிலையில் எத்தனை வேடம் தாங்க வேண்டியிருந்தது என்பதைப் பொறுத்த வேறுபாடு அது.

இனி, உடை பற்றிய விவாதம் இந்நகரிலே எப்போது எழுந்தது என்பதைக் காண்போம். 1897 ஜனவரி 15இல் சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கினார். தம் சொற்பொழிவுக்கு ஐரோப்பிய உடையில் வந்திருந்த இந்துக்களைக் கண்டு, உடையையன்று, அதை அடிமைத்தனமாகப் பின்பற்றும் மனப்பாங்கையே அவர் கண்டித்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அவர் வருகையின் நினைவாக 1902இல் தோன்றிய விவேகானந்த சபை இன்றும் கொட்டாஞ்சேனையிலேயே உள்ளது. 1904இல் பொன்னம்பலம் இராமநாதன் ஆனந்தக் கல்லூரியில், சிங்களவர் தம் மொழியையும் மரபையும் இழந்துவருவது பற்றி உரையாற்றினார். தமிழ்த் தலைவர் ஒருவர் சிங்கள மக்களுக்குச் சிங்களத்தைப் பேணும்படி எடுத்துரைத்த காலமொன்று இருந்தது என்பதை இன்றைய மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். அவர்தாமும் கோட்டணிந்தாலும் தலைப்பாகையைக் கைவிடாதவர். 1905இல் ஆனந்த குமாரசுவாமி இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார். ஐரோப்பிய பழக்கவழக்கங்களைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைத் தடுத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அதே ஆண்டில் ‘இரவற் சிறகுகள்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்ட சிறு கட்டுரையில், பொருந்தாத ஐரோப்பிய உடையணிந்த இலங்கைப் பெண்ணைக் கண்ட வருத்தத்தை அவர் எழுதினார்.

அதே 1905இல் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த முஸ்லிம் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர், தம் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் வழக்காடப் பிரதம நீதியரசரால் அனுமதி மறுக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூட்டினர், கிளர்ச்சி வென்றது. ஒரு தொப்பியின் பொருட்டு ஒரு சமூகம் அரசியலுக்குள் நுழைந்தது எனின் அது மிகையன்று.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. ஐரோப்பிய உடையை எதிர்த்தவர்கள் யாவர்? குமாரசுவாமி இங்கிலாந்தில் வளர்ந்தவர். ஆங்கிலத் தாயின் மகன். இராமநாதன் முடியரசின் வழக்கறிஞராய் உயர்ந்தவர். ஆங்கில உடையை முதலில் மறுத்தவர்கள் அதனைப் பெற இயலாதோர் அல்லர். அதில் முற்றும் தேறியவர்களே. களிசானைக் கழற்றும் உரிமை களிசான் உடையவனுக்கே உண்டு. எளிமை என்னும் அழகு வறியவனிடம் இருக்கும்போது எவர் கண்ணுக்கும் அது அழகாகத் தோன்றுவதில்லை.

இதனை இன்னும் கூர்மையாக உணர யாழ்ப்பாணத்துக்குச் செல்ல வேண்டும். கொழும்புத் தமிழரிற் பெரும்பாலோர் அங்கிருந்து வந்தோராதலின் இது விலகலன்று. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்று, ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் தலைமையில் தேசிய உடையையும் உள்நாட்டுப் பொருள்களையும் ஆதரித்தது. 1921 செப்ரெம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறிய காந்தியடிகள் 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கை வந்தபோது வாலிபர் காங்கிரஸ் அவரை வரவேற்றது. படித்த இளைஞர் கோட்டைக் கழற்றி வேட்டியும் சால்வையும் அணிந்தனர். அதே காலத்தில், அதே குடாநாட்டில், ஒடுக்கப்பட்ட சாதியினர் தோளிற் சால்வை போடவும் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டவும் மேற்சட்டை அணியவும் அஞ்சவேண்டியிருந்தது. அவர்தம் பெண்கள் மேலாடை அணிவது அடங்காமையாகக் கருதப்பட்டது. பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டுமென 1929இல் பணிக்கப்பட்டபோது பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. திருவிதாங்கூரில் தோட்சீலைக்காக நெடுங்காலம் போராடி 1859இல் உரிமை பெற்றவர் கதையை நாம் மேடையிற் கூறுவோம்; நம் ஊர்க்கதையை அவ்வளவு விரும்பிக் கூறுவதில்லை. தேசிய இயக்கத்தவர் அணிந்த சால்வையும் சாதியால் மறுக்கப்பட்டவர் விரும்பிய சால்வையும் ஒரே நெசவுத்துணிதான். வாலிபர் காங்கிரசார் தீண்டாமையையும் எதிர்த்தனர் என்பது உண்மை; ஆயினும் எளிய உடை பற்றிய அவர்தம் பேச்சு மேற்சட்டை அணியப் போராடியவன் காதில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பது கேட்கத்தக்க கேள்வி. இக்கொடுமைகளைப் பிற்காலத்தில் கே. டானியல் ‘பஞ்சமர்’ (1972) முதலிய நாவல்களிற் பதிவுசெய்தார்.

கொழும்பின் பெருமையொன்று இங்கே விளங்கும. கொட்டாஞ்சேனைத் தெருவில் ஒருவன் சட்டை அணிந்து சால்வை போட்டு நடந்தால் ‘யாருடைய பிள்ளை நீ?’ என்று மறித்துக் கேட்க ஆளில்லை. களிசான் சாதியற்ற உடை. நம்மவர் அதனை விரும்பியதற்கு வெள்ளைக்காரனைப் போல் தோன்றும் ஆசை மட்டுமே காரணம் என்று தேசியவாதிகள் கூறிவந்தனர். ஊரார்போல் தோன்றாமலிருக்கும் ஆசையும் ஒரு காரணமென நான் கருதுகிறேன். ஆயின் அவ்விடுதலையும் முழுமையன்று. வெள்ளவத்தையில் வீடு வாடகைக்குக் கொடுப்போர் உடையைக் கேளார், ஊரைக் கேட்பர்.

வெள்ளவத்தை என்றால் உடுப்பவர் ஊர் மட்டுமன்று, நெய்பவர் ஊருமாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே நூற்பு நெசவாலை அமைந்தது. நாட்டின் மிகப் பெரிய ஆலையாயிருந்த அதில் மலையாளத் தொழிலாளர் பெருந்தொகையினர் வேலை செய்தனர். 1933இல் அங்கு நடைபெற்ற வேலைநிறுத்தம் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகளைத் தொழிற்சங்க அரங்குக்குக் கொணர்ந்தது. கால்வாய்க் கரையில் முண்டு கட்டிய தொழிலாளி துணி நெய்ய, காலி வீதிக்கு இப்பால் எழுதுவினைஞர் இறக்குமதித் துணியிற் களிசான் தைப்பித்தார். அந்த ஆலைத் தொழிலாளர் பற்றித் தமிழில் விரிவான ஆய்வு வந்திருப்பதாகத் தெரியவில்லை. வரலாற்றுத்துறை மாணவர் எவரேனும் மேற்கொள்ளத்தக்கது.

இடையில் பல்கலைக்கழகத்தையும் ஒருமுறை எட்டிப்பார்ப்போம். ஐவர் ஜெனிங்ஸ் உருவாக்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் உடை ஆங்கிலேய உண்டுறைக் கல்லூரியை முன்மாதிரியாகக் கொண்டிருந்தது. 1960ஐ அடுத்துத் தாய்மொழியிற் கற்ற கலைப்பிரிவு மாணவர் வரத் தொடங்கியதும் விடுதிகளில் சாரம் புகுந்தது, சிலர் முகஞ்சுளித்தனர். சாரம் அணிந்து உணவு மண்டபத்துக்கு வரலாமா என்னும் வினா உடை பற்றியதாகத் தோன்றினும் உண்மையில் அது பல்கலைக்கழகம் யாருக்குரியது என்னும் வினாவே.

தேசிய உடை என்பதற்கு வருவோம். 1956இல் பதவிக்கு வந்தோர் வெண்சோமனும் நீண்ட கைச்சட்டையும் சால்வையுமாகக் காட்சியளித்தனர். தமிழர் அரங்கிலும் ஏறக்குறைய அதே உடை ‘வேட்டி நசனல்’ என வழங்கியது. தேசிய என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் நம்மிடையே ஒரு சட்டையின் பெயராகச் சுருங்கிப்போனமை சொல்லாராய்ச்சியாளர்க்கு விருந்து. ‘நசனல் ஒன்று தைக்கக் குடுத்தனான்’ என்று சொல்பவன் நாட்டைப் பற்றி நினைப்பதில்லை. இரு தேசியங்கள் கடுமையாக மோதிக்கொண்ட அக்காலத்தில் அவற்றின் உடைகள் சில விரற்கடை வேறுபாட்டுடன் ஒன்றாகவேயிருந்தன. ஜீ. ஜீ. பொன்னம்பலமும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் முதன்மையாக நீதிமன்ற உடையில் நாள் கழித்தவர்கள். மேடையில் அவர்களுக்குப் பின்னால் நின்ற தொண்டரே வேட்டியுடுத்தியிருந்தனர்.

பெண்களின் உடை பற்றி வங்க அறிஞர் பார்த்தா சட்டர்ஜி கூறிய கருத்து நம் மாணவர் பலர் அறிந்ததே. குடியேற்ற ஆட்சிக்காலத்துத் தேசியவாதம் வெளியுலகத்தை மேலைநாட்டானுக்கு விட்டுக்கொடுத்து, வீட்டையும் பெண்ணையும் பண்பாட்டின் காப்பிடமாக ஆக்கிக்கொண்டது என்பது அவர் வாதம். எனது பெரியம்மாவின் ஹவுஸ்கோட்டு இவ்வாதத்துக்குச் சற்று இடறலாக உள்ளது. பண்பாட்டைக் காக்கும் கடமை அவருக்கு வீட்டினுள் இருக்கவில்லை. வெளியில் வந்தபோதே தொடங்கியது. காலி வீதியில் அவர் உடுத்த சேலை கணவரின் களிசானுக்கும் சேர்த்துத் தமிழாயிருக்க வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண்களிடம் வேறொரு வழக்கம் இருந்தது. புனித லூசியாள் பேராலயத்துக்குக் கவுணோ சேலையோ எதை அணிந்து சென்றாலும் தலையில் மென்துகில் முக்காடு இடவேண்டும்; 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் அவ்வழக்கம் தளர்ந்தது. அவர்களுள் தமிழ் பேசியோரைக் கவுண் அணிந்ததன் பொருட்டு ‘பறங்கி’ என்று நகையாடிய வெள்ளவத்தையார் பலர், ஹவுஸ்கோட்டைத் தைத்தபோது அது கவுணின் தங்கை என்பதை மறந்தனர்.

1956, 1958, 1977 ஆம் ஆண்டுக் கலவரங்களில் உடை உயிர்ப்பொருளாயிற்று. வேட்டி, காதிலுள்ள துளை, பொட்டு ஆகியவை தமிழரை இனங்காண உதவின. 1983 ஜூலை 24 இரவு பொரளையில் மூண்ட தீ மறுநாள் வெள்ளவத்தைக்குப் பரவியது. அன்றைய கதையை என் தாயார் ஒருமுறைதான் கூறினார். ஒழுங்கையின் மேல் முனையிற் புகை எழுந்தபோது அயல்வீட்டுச் சிங்கள அம்மையார் பின்சுவர் வழியாகத் தம் கவுண் ஒன்றையும் நீட்டி, ‘பொட்டை அழி, தாலியை உள்ளே விடு’ என்றாராம். லேஞ்சியால் பொட்டைத் துடைத்தபோது முழுதும் போகவில்லை; குங்குமம் நெற்றியிற் சிவந்து பரவியது. பெரியப்பா களிசானுடன் இருந்தமையால் அவருக்கு உடைமாற்றம் தேவைப்படவில்லை. அத்தனை ஆண்டும் நாம் மெல்லக் கேலிசெய்த அவருடைய களிசான் அன்று அவரை இரத்மலானை அகதிமுகாம் வரை கொண்டுசேர்த்தது. தமிழ்ப் பெண்ணின் வெளியுடை தமிழாகவும் ஆணின் வெளியுடை பொதுவாகவும் அமைந்த ஏற்பாட்டின் விலையை அன்று செலுத்தியவர்கள் பெண்களே. அதன் பின்னர் சில ஆண்டுகள் தாயார் பேருந்தில் ஏறும்போது பொட்டின்றிச் சென்று, அலுவலகத்தில் இட்டுக்கொண்டு, திரும்பும்போது அழித்துவிடுவார். அப்பழக்கத்தில் அவர் தனித்தவரல்லர்.

இன்று எங்கும் காணும் தளர்வான உடைக்கு அரசியலைவிடப் பொருளாதாரமே பெரிய காரணம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்தது. சலுசலவிலும் கூட்டுறவுக் கடையிலும் கிடைத்த துணியே துணி. கைத்தறிச் சேலைக்கு மதிப்பு வந்தது. நைலெக்ஸ் சேலை பாக்குநீரிணையைக் கள்ளமாகக் கடந்து வந்தது. ஒரு களிசானை நான்கு ஆண்டு அணிபவன் அதை மடித்துத் தொங்கவிடத்தான் செய்வான். பெரியப்பாவின் ஒழுங்கு பாதி ஆங்கில நாகரிகம், பாதி பற்றாக்குறை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, 1978இல் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதும் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. ஏற்றுமதிக்குத் தைத்து ஒதுக்கப்பட்ட ஜீன்சும் ரீசேட்டும் புறக்கோட்டை நடைபாதையிலும் வெள்ளவத்தைக் கடைகளிலும் குவிந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த ரீசேட்டைக் கொட்டாஞ்சேனை முச்சக்கரவண்டிக்காரர் அணிந்திருக்கக் காண்கிறோம். அதைத் தைத்தவள் அநுராதபுரத்துக் கிராமப் பெண்ணாயிருக்கக் கூடும். பெண்களிடையே பஞ்சாபி பரவியதும் இக்காலத்தேயாம். அது சேலையும் அன்று, கவுணும் அன்று. எந்த இனத்தையும் உடனே காட்டிக்கொடாதது. அதன் வெற்றிக்கு வசதி ஒன்றே காரணமென்று எழுதுவோர் அக்காலத்துச் சோதனைச்சாவடிகளை மறந்துவிடுகின்றனர்.

உடை மறைத்தாலும் அடையாள அட்டை மறைக்காது. 2007 ஜூன் 7இல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர்; அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அவர்களுள் ஜீன்ஸ் அணிந்தோரும் இருந்திருப்பர், வேட்டி கட்டியோரும் இருந்திருப்பர்.

பொட்டுக்காக அஞ்சிய நாம் பிறர் உடைக்கு நடுநிலையாளராய் இருந்தோமா? 2018இல் திருகோணமலைத் தமிழ்ப் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது சேலைதான் அணியவேண்டுமென ஆர்ப்பாட்டம் செய்தோர் தமிழரே. 2019 உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்பில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் சிதைந்தது. அதனையடுத்து முகம் மூடும் உடை தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் அரச பணிப்பெண்கள் சேலை அல்லது ஒசரி அணியவேண்டுமெனச் சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு எழுந்தபின் அது திருத்தப்பட்டது. 1905இல் மருதானையில் எழுந்த வினாவே நூற்றாண்டு கடந்தும் வேறு உடையில் வந்து நின்றது.

ஆகஸ்ட் மாதத்தில் வெள்ளவத்தைக்குச் செல்வோர் புதியதொரு மாறுபாட்டைக் காணலாம். ரொறொன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கலியாணங்களுக்கு வரும் உறவினர் அரைக்காற்சட்டையும் இரப்பர்ச் செருப்புமாகக் காலி வீதியில் உலவுகின்றனர். அவர்களை வரவேற்க இங்குள்ளவர் மினுக்கிய சேட்டும் சப்பாத்துமாக நிற்கின்றனர். மாலை மண்டபத்திலோ வந்தவர்களே காஞ்சிபுரப் பட்டிலும் பட்டு வேட்டியிலும் இங்குள்ளோரை மிஞ்சிவிடுகின்றனர். பெரியப்பா உயிருடனிருந்தால் அரைக்காற்சட்டையில் வந்த தம் பேரனைக் கண்டு என்ன சொல்லியிருப்பார் என்று சிலவேளை எண்ணுவதுண்டு. நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மின்தூக்கியருகே, சாரத்துடனும் ஹவுஸ்கோட்டுடனும் முன்மண்டபத்துக்கு வரவேண்டாமென அறிவித்தலொன்று ஒட்டப்பட்டுள்ளது. அரைக்காற்சட்டை பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இவ்வாய்வை மேற்கொண்டு நடத்த விரும்புவோர்க்கு எழுத்துச் சான்றைவிட நிழற்படங்களே உதவும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் முன்பிருந்த படப்பிடிப்பு நிலையங்களில் குடும்பங்கள் திருமணத்துக்கும் பரீட்சைத் தேர்ச்சிக்கும் எடுத்துக்கொண்ட படங்களில், கோட்டின் மேல் சால்வையும் சேலையோடு சப்பாத்துமாகப் பல விந்தைகள் உள. வெள்ளவத்தை வீடுகளில் இருந்தவற்றிற் பல 1983இல் எரிந்தன; எஞ்சியவை பெட்டிகளில் ஏறிக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றுவிட்டன. நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பழைய படங்களிலிருந்து ஐந்தைப் பிரதி எடுத்து, எடுத்த ஆண்டையும் இடத்தையும் முதியோரிடம் கேட்டெழுதிச் சேர்ப்பராயின் அடுத்த இதழுக்குள் ஒரு தொகுப்பு உருவாகும். கேட்கவேண்டிய முதியோர் இன்னும் சிலர் உள்ளனர்.